சீசனல் சைட்டில் ட்ரெய்லர் வைத்திருப்பது: ஒன்ராறியோத் தமிழருக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில், கவார்த்தா ஏரிகளின் பக்கம் ஒரு தனியார் ட்ரெய்லர் பூங்காவில், 7 வருடமாக 27 அடி ட்ரெய்லர் ஒன்றை, அதாவது கட்டில், குசினி, ரொய்லெட் உள்ள சில்லு வீட்டை, போட்டு வைத்திருக்கிறோம். கலியாண வீட்டிலும் கடை வரிசையிலும் இதைப் பற்றிக் கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் ஒன்ராறியோ நிலவரம்.

சீசனல் சைட் என்று எதைச் சொல்கிறார்கள்?

பூங்காவில் ஒரு துண்டு நிலத்தை மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் தாங்ஸ்கிவிங் வரை உங்களுக்கென்று ஒதுக்கித் தருவார்கள். தண்ணீர்க் குழாயும் கரண்டும் இருக்கும். சில இடங்களில் கழிவுக் குழாயும் உண்டு. ட்ரெய்லரை ஒருமுறை கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பிறகு இழுத்துத் திரிய வேண்டியதில்லை. வெள்ளி பின்னேரம் உடுப்புப் பையும் மீன் பெட்டியுமாகப் போய் இறங்கலாம்.

ட்ரெய்லர் உங்களுடையது, அது நிற்கிற நிலம் அவர்களுடையது. கீழே வருகிற தலையிடிகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

மாகாணப் பூங்காவிலேயே போட்டு வைக்க முடியாதா? அங்கே கடற்கரை வடிவாக இருக்குமே?

வடிவுதான். ஆனால் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் சாதாரண முகாம் இடத்தில் ஆகக் கூடியது 23 இரவுகள்தான் தங்கலாம். கோடை முழுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியார் பூங்காக்களிடம், அல்லது சில கொன்சர்வேஷன் அதிகாரசபைகள் (ஆறு, காடு போன்றவற்றைப் பாதுகாக்கும் உள்ளூர் அமைப்புகள்) நடத்தும் முகாம்களிடம்தான் போக வேண்டும். பின்னதில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். பெயரை இப்போதே கொடுத்து வையுங்கள்.

எவ்வளவு முடியும்?

நாங்கள் விசாரித்த இடங்களில் ஒரு சீசனுக்கு 3,000 டொலர் முதல் 6,000 டொலர் வரை சொன்னார்கள். ஏரி ஓரம் என்றால் அதற்கும் மேலே. அதன் மேல் 13 சதவீதம் எச்.எஸ்.டி. விற்பனை வரி வரும். அப்புறம் ஹைட்ரோவுக்கு (கரண்டுக்கு) தனி மீற்றர், கழிவு எடுக்கும் காசு, வின்டருக்கு அங்கேயே விட்டுப் போகும் காசு, காப்புறுதி, விருந்தினருக்கு நாள் கட்டணம், படகு கட்ட இடம் என்று ஒவ்வொன்றாக நீளும். விலையைக் கேட்கும்போது "இதற்குள் எது அடங்காது?" என்று கேளுங்கள். "எது அடங்கும்?" என்று கேட்டால் இனிப்பான பதில்தான் கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. சைட் 4,000 டொலர், வரியோடு 4,520. மே நடுப்பகுதியிலிருந்து தாங்ஸ்கிவிங் வரை 22 வார இறுதிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் போனால் ஒரு வார இறுதி 205 டொலர், கொட்டேஜ் வாடகையை விட மலிவு. ஆனால் யாருக்கு எல்லா வார இறுதியும் கிடைக்கிறது? ஜூன், ஜூலை, ஓகஸ்டில் எத்தனை கலியாணம், எத்தனை பூப்புனித நீராட்டு விழா, எத்தனை கோயில் திருவிழா என்று உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். எங்கள் முதல் வருடத்தில் போனது 9 தடவை. ஒரு வார இறுதிக்கு 500 டொலருக்கு மேல். அந்தக் காசுக்கு ஹோட்டலிலேயே படுத்திருக்கலாம் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

காசு கட்டினால் வாடகைக்கு இருப்பவருக்குள்ள உரிமை வந்துவிடும்தானே?

இல்லை. இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டவருக்கும் எடுத்தவருக்கும் குடியிருப்பு வாடகைச் சட்டம் ஓரளவு தெரியும். அதே நினைப்போடு பூங்காவுக்குப் போகிறார்கள். ஒன்ராறியோவின் அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, முகாம்களிலும் ட்ரெய்லர் பூங்காக்களிலும் பருவகாலத்துக்கோ தற்காலிகமாகவோ தங்கும் இடங்களைத் தனக்கு வெளியே வைத்திருக்கிறது. வருடாந்த வாடகை உயர்வுக்கு அரசு வைக்கும் உச்சவரம்பு உங்களைக் காப்பாற்றாது. அடுத்த வருடம் இடம் தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால், அதற்கு விடை நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளுக்குள்தான் இருக்கும்.

அதனால் அந்தத் தாளைக் கடைசி வரி வரை வாசியுங்கள். புதுப்பிக்கிற முன்பணம் எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் இடம் போய்விடுமா? ட்ரெய்லருக்கு வயதெல்லை உண்டா? 10, 15 வருடத்துக்கு மேற்பட்டதைப் பல பூங்காக்கள் புதிதாக உள்ளே விடுவதில்லை. டெக், ஷெட் போட யாரிடம் அனுமதி கேட்பது, வெளியேறும்போது அவற்றை யார் கழற்றுவது? பூங்காவே கைமாறினால் என்ன நடக்கும்? வாயால் தந்த வாக்குறுதி எதுவாக இருந்தாலும் ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கி வையுங்கள்.

எங்கள் முதல் பூங்காவில் "இந்த மேப்பிள் மரத்தடி உங்களுக்குத்தான், எப்போதும்" என்று தோளில் தட்டிச் சொன்னார்கள். மூன்றாவது வருடம் அந்த வரிசையைப் பூங்காச் செயலகத்தின் வாகனத் தரிப்பிடமாக்கினார்கள். நான் போட்ட 12 அடி டெக்கை நானே உடைத்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பழைய ட்ரெய்லர் வாங்கலாமா?

தாராளமாக. போட்ட இடத்தில் நிற்கப் போகிறதற்குப் புதிது தேவையில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: தண்ணீர் இறங்கியிருக்கிறதா. ட்ரெய்லரின் சுவருக்குள் மெல்லிய மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் இருக்கும். கூரை மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் போதும், இரண்டு வருடத்தில் உள்ளே புட்டு மாதிரி உதிரும். மழைக்கு அடுத்த நாள் போய்ப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே, மேல் அலுமாரிகளின் மூலைகளில், கூரை ஜன்னலைச் சுற்றிக் கையால் அழுத்துங்கள். மெதுமெதுவென்று அமுங்கினால், பழுப்புக் கறை தெரிந்தால், உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் தூக்கியடித்தால், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே பூங்காவில் நிற்கிற ட்ரெய்லரை டெக், ஷெட்டோடு விற்பார்கள். வசதிதான். ஆனால் சைட் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், செயலகத்தில் கேளுங்கள்.

இழுக்கப் பெரிய ட்ரக் வேண்டுமா?

வேண்டாம். ட்ரெய்லர் இழுப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை கூலி கொடுத்தால் முடிந்தது. இதற்காக 60,000 டொலர் ட்ரக் வாங்கியவர் எனக்குத் தெரிந்தவர். இப்போது அதில் கோயிலுக்குப் போகிறார்.

இடம் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

மழை நாளில் போய்ப் பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிற சைட்டுக்கு ஏரிக்காட்சி இருந்தும் பயனில்லை, நுளம்பு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தலைக்கு மேலே காய்ந்த கொப்பு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். குளியலறைக் கட்டடத்துக்குப் பக்கத்து இடம் முதலில் வசதியாகத் தெரியும், இரவு 2 மணிக்குக் கதவு அடிபடும்போதுதான் விளங்கும்.

இன்னொன்று, வெள்ளி பின்னேரம் 4 மணிக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கூகுள் ஞாயிறு காலையில் காட்டுகிற இரண்டு மணித்தியாலம், வெள்ளி 401 நெடுஞ்சாலையில் ஏறி 115க்குத் திரும்புவதற்குள் மூன்றரையாகிவிடும். நாங்கள் இப்போது இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுகிறோம்.

மட்டம் பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

ஆம். முதலில் பக்கவாட்டு மட்டம், சில்லுக்குக் கீழே பலகை வைத்து. பிறகு முன்பின் மட்டம், முன் ஜக்கியால். நான்கு மூலையிலும் இருக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான், ட்ரெய்லரைத் தூக்குவதற்கு அல்ல. அவற்றால் தூக்கினால் சட்டம் வளைந்து கதவு பூட்டாது. புரொப்பேனிலும் கரண்டிலும் மாறி மாறி ஓடும் பழைய வகைக் குளிர்சாதனப்பெட்டி இருந்தால் சரிவில் அது பழுதாகும். அதற்குள் அமோனியாத் திரவம் தன் பாரத்தால்தான் வடிந்து சுற்றுகிறது. கொம்பிரசர் வைத்த புதிய பெட்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் மறுபடி மட்டம் பாருங்கள். பனி உருகும்போது நிலம் அசையும்.

ரைஸ் குக்கர் போட்டால் கரண்ட் நின்றுவிடுகிறதே?

பெரும்பாலான சைட்டில் 30 அம்ப்ஸ் இணைப்புத்தான். 120 வோல்ற்றில் அது 3,600 வாற். கூரை ஏசி ஓடும்போது 12 முதல் 15 அம்ப்ஸ் இழுக்கும், கேத்தில் 12 அம்ப்ஸ் கேட்கும். அதற்கு மேல் ரைஸ் குக்கரோ மைக்ரோவேவோ போட்டால் பிரேக்கர் விழத்தான் செய்யும். தண்ணீர்ச் சூடாக்கியைக் கரண்டில் விடாமல் புரொப்பேனுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏசி ஓடும்போது தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பு.

ட்ரெய்லர் பிளக் கறுத்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். சைட்டின் கரண்ட் கம்பத்துக்கும் கேபிளுக்கும் இடையில், வோல்ற் காட்டும் ஒரு சேர்ஜ் புரொடெக்டர் (கரண்ட் திடீரென்று ஏறினால் காக்கும் கருவி) வையுங்கள். சனி மத்தியானம் எல்லா ட்ரெய்லரும் ஏசி போடும்போது வோல்ற் எவ்வளவு இறங்குகிறது என்று அது காட்டும்.

அங்கே மீன் குழம்பு காய்ச்சலாமா?

காய்ச்சாமல் பின்னே எதற்குப் போவது! ஆனால் உள்ளே வேண்டாம். ட்ரெய்லர் ஒரு சின்னப் பெட்டி. திரைச்சீலை, மெத்தை, கூரைத் துணி எல்லாம் தாளிப்பைக் குடித்துவிடும், ஒக்ரோபரில் பூட்டி மே மாதம் திறந்தால் கருவாடு வரவேற்கும். விற்கும்போதும் விலை குறையும்.

நாங்கள் வெளியே மேசையில் இரட்டை அடுப்பு வைத்து, மேலே கூடாரத் துணி கட்டிக் குசினி ஆக்கியிருக்கிறோம். மூன்று பக்கமும் திறந்தே இருக்கும். துணியால் மூடிய இடத்தில் காஸ் அடுப்பு எரிப்பது உயிருக்கு ஆபத்து. பக்கத்துச் சைட்காரர் முதல் வருடம் மணத்தைப் பற்றிச் செயலகத்தில் சொன்னார். அடுத்த கிழமை ஒரு தட்டு இறால் பொரியல் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அவரே பாத்திரத்தோடு வருகிறார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

சமைத்த எண்ணெயைக் குசினித் தொட்டியில் ஊற்றாதீர்கள். கழுவுநீர்த் தொட்டியின் சுவரில் படிந்து நாறும், பூங்காவின் நிலத்தடிக் கழிவுத் தொகுதியையும் கெடுக்கும். தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இரவில் மேசையில் மீன் தலை கிடந்தால் ரக்கூன் வரும். வடக்கே போனால் கருங்கரடியும் வரும். குப்பையை அன்றிரவே பூங்காவின் இரும்புப் பெட்டிக்குக் கொண்டுபோங்கள்.

ரொய்லெட் தொட்டியை எப்படிப் பராமரிப்பது?

யாரும் நேரே கேட்பதில்லை, தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கழிவுக் குழாய் இணைப்பு இருக்கும் சைட்டில் கறுப்புத் தொட்டியின் (ரொய்லெட் கழிவு சேரும் தொட்டியின்) வால்வைத் திறந்தே விடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. நீர் ஓடிவிடும், திடம் மட்டும் கீழே கூம்பாகக் குவிந்து காய்ந்து கல்லாகும். மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்தால் அந்த வேகத்தில் எல்லாம் போகும். அதன் பின் கழுவுநீர்த் தொட்டியைத் திறந்தால் ஹோஸும் கழுவப்படும். வெறும் தொட்டியில் சில லீற்றர் தண்ணீர் விட்ட பிறகுதான் பாவிக்கத் தொடங்க வேண்டும். நம்மவர்கள் தண்ணீர் பாவிப்பதால் தாள் அடைப்புக் குறைவு, தொட்டி மட்டும் சீக்கிரம் நிறையும்.

குழாய் இல்லாத சைட்டுக்கு உறிஞ்சி எடுக்கிற வண்டி வரும். அதற்கு இங்கே தேன் வண்டி என்று பெயர். யார் வைத்தார்களோ.

தண்ணீர் ஹோஸ் எதுவும் சரியா?

இல்லை. குடிநீருக்கென்று விற்கிற ஹோஸ் வேண்டும், கூடவே தண்ணீர் அழுத்தத்தை 40-50 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைக்கும் ரெகுலேட்டர். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை நீங்கள் இல்லாதபோது குழாயை நிற்பாட்டிவிட்டு வாருங்கள்.

புரொப்பேன்?

கனடாவில் 20, 30 இறாத்தல் சிலிண்டர்களை 10 வருடத்துக்கு ஒருமுறை மீள்பரிசோதிக்க வேண்டும், கழுத்தில் திகதி பொறித்திருக்கும். அது கடந்திருந்தால் நிரப்ப மாட்டார்கள். காஸ் கசிவு, கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவிகளுக்கும் ஆயுட்காலம் உண்டு. பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் திகதியைப் பாருங்கள். பழைய ட்ரெய்லர் வாங்கினால் முதல் வேலை இந்த இரண்டையும் புதிதாக மாட்டுவது.

வீட்டு விறகைக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். மரகத சாம்பல்மரத் துளைப்பான் என்ற பச்சை வண்டு 2002இல் வின்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. விறகோடு விறகாகப் பயணம் செய்து ஒன்ராறியோவின் சாம்பல் மரங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. விறகைப் போகிற இடத்திலேயே வாங்குங்கள். தீத் தடை அறிவித்திருக்கிறார்களா என்று வாசலிலேயே கேளுங்கள்.

சொந்தக்காரர் வந்தால்?

வரட்டும், ஆனால் எண்ணி வரட்டும். எங்கள் பூங்காவில் ஆளுக்கு நாள் கட்டணம், இரவு 11 மணிக்குப் பிறகு அமைதி. நான்கு வான் நிறைய ஆட்கள் வந்து இரவு ஒரு மணி வரை பாட்டுப் போட்டால் மற்றச் சைட்காரர்கள் மறக்க மாட்டார்கள், அடுத்த வருட ஒப்பந்தத்தைத் தருபவரும் மறக்க மாட்டார்.

பூச்சி?

மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை கருஈ (கடிக்கிற சின்னக் கறுப்பு ஈ), பிறகு நுளம்பு. கவலைப்பட வேண்டியது கருங்கால் உண்ணிக்கு. லைம் நோயைக் கொண்டுவரும். புல்லுக்குள் விளையாடிய பிள்ளைகளை இரவில் முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு அணைத்துப் பிடித்து நேரே இழுங்கள்.

வின்டருக்கு மூடுவது எப்படி?

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான், அதனால் நீளமாகவே எழுதுகிறேன். தண்ணீர் உறையும்போது விரியும். ஒரு முழங்கைக் குழாயில் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் வெடிக்கும், வெடித்தது மே மாதம் வரை தெரியாது. பூங்கா தாங்ஸ்கிவிங்குக்குப் பிறகு தண்ணீரை நிற்பாட்டிவிடும். அதற்கு முன் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போகலாம், வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ச் சூடாக்கியின் கரண்டையும் காஸையும் நிற்பாட்டி ஆறவிடுங்கள். அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு கீழ் அடைப்பைக் கழற்றி வடியுங்கள், 23 லீற்றர் வரை வரும். அடுத்து பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் நீங்கள் அடுத்து ஊற்றும் அன்ரிஃபிரீஸ் (குளிரில் உறையாத திரவம்) முழுக்க அந்தத் தொட்டிக்குள் போய்விடும். நன்னீர்த் தொட்டி, கீழே இருக்கும் வடிகுழாய்கள், இரண்டு கழிவுத் தொட்டிகள் எல்லாவற்றையும் காலியாக்குங்கள்.

பிறகு ட்ரெய்லர்களுக்கென்று விற்கிற இளஞ்சிவப்பு நிற ஆர்.வி. அன்ரிஃபிரீஸ். காருக்கு ஊற்றும் பச்சை நிறம் நஞ்சு, அதைக் குடிநீர்க் குழாய்க்குள் விடவே கூடாது. பம்பின் உறிஞ்சு குழாயைப் போத்தலுக்குள் விட்டு, தூரத்துக் குழாயிலிருந்து தொடங்கி, குளிர் நீர்ப் பக்கமும் சுடுநீர்ப் பக்கமும் இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து மூடுங்கள். குசினி, முகம் கழுவும் இடம், ஷவர், ரொய்லெட். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். மூன்று போத்தல், அதாவது 11 லீற்றருக்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

வெளிச் சுவரில் சின்னக் கதவுக்குள் ஒரு ஷவர் இருக்கிறதே, அதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். ஏழு டொலர்ச் சாமான் வெடித்து, மே மாதம் குழாயைத் திறந்துவிட்டு நான் வெளியே டெக்கைக் கழுவிக்கொண்டு நிற்க, உள்ளே தரை முழுக்க வெள்ளம். தரைப்பலகை மாற்ற 1,400 டொலர்.

உணவில் ஒரு பருக்கைகூட விட்டு வைக்காதீர்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஏன் சவர்க்காரத்தையும் சுண்டெலி விடாது. கீழே குழாய் நுழையும் ஓட்டைகளில் இரும்புக் கம்பளி திணியுங்கள். மெத்தைகளைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்துங்கள், குளிர்சாதனப்பெட்டிக் கதவைத் திறந்து விடுங்கள். பற்றரியை முழுச் சார்ஜில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், வெறுமையான பற்றரி உறைந்து வெடிக்கும்.

கூரைக்கு நீலத் தார்ப்பாய் போடலாமா?

போடாதீர்கள். காற்றில் அடித்து அடித்துக் கூரை இறப்பரைத் தேய்த்து ஓட்டையாக்கும், அடியில் ஈரம் தங்கும். அந்தக் காசுக்குக் கூரை ஒட்டுப்பசை வாங்கி, வருடம் இரண்டு தடவை மேலே பார்த்து வெடிப்பை அடையுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் ஒரு தடவையாவது போய்ப் பனியைத் தள்ளுங்கள், பிளாஸ்ரிக் மண்வெட்டியால். அடிமட்டம் வரை சுரண்ட வேண்டாம், இரண்டு அங்குலம் இருக்கட்டும்.

வசந்தத்தில் திறக்கும்போது?

பைபாஸைத் திருப்பி, சூடாக்கி நிறைந்து சுடுநீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் அதன் கரண்டைப் போடுங்கள். வெறும் தொட்டியில் போட்டால் உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பி சீக்கிரமே எரிந்துவிடும். நன்னீர்த் தொட்டிக்கு 60 லீற்றருக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச் கலந்து, குழாய்களெல்லாம் ஓடவிட்டு, சில மணித்தியாலம் வைத்து, மணம் போகும்வரை அலசுங்கள்.

வீட்டுக் காப்புறுதியே போதாதா?

பொதுவாகப் போதாது. ஒரே இடத்தில் நிற்கும் ட்ரெய்லருக்கென்று தனிப் பொலிசி எடுங்கள். டெக், ஷெட், உள்ளே இருக்கும் சாமான், உங்கள் சைட்டில் யாராவது விழுந்தால் வரும் பொறுப்பு எல்லாம் அதில் சேருகிறதா என்று கேளுங்கள். புதிதுக்குப் புதிது தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பது இரண்டாவது கேள்வி. மெல்ல மெல்ல ஊறிய கசிவுக்கு யாரும் தர மாட்டார்கள்.

அலுத்துப்போனால் விற்கலாமா?

விற்கலாம். மே, ஜூனில் விலை வரும், ஒக்ரோபரில் வராது. சைட்டிலேயே வைத்து விற்றால் பல பூங்காக்கள் விலையில் ஒரு பங்கைக் கேட்கும், வாங்குபவரை அவர்கள் ஏற்க வேண்டும் என்றும் இருக்கும். ஏற்காவிட்டால் வெளியே இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது டயர் வேண்டும். நின்ற நிலையிலேயே டயருக்கு வயதாகும், பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் கிழமையும் வருடமும் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. வெயில் படாமல் மூடி வையுங்கள். எங்கள் வரிசையில் ஒருவர் "இனி எங்கே ஓடப் போகிறது" என்று சில்லுகளைக் கழற்றி விற்றுவிட்டு ட்ரெய்லரைக் கட்டைகளில் ஏற்றி வைத்தார். போன கோடையில் அவருக்கு வாங்க ஆள் வந்தது, இப்போது நான்கு சில்லுத் தேடிக்கொண்டிருக்கிறார்.